மரத்தைக் காக்கும் பிரஷ்! மாடியை எரித்த கந்தல்!

அமெரிக்காவில் பல வீடுகளின் பின்புறம் ஒரு மரத்தளம் இருக்கும். தரையிலிருந்து சற்று உயரத்தில், பலகைகளை வரிசையாக அடித்து அதைக் கட்டியிருப்பார்கள். பெரும்பாலும் அதற்குக் கூரை கிடையாது.

ஏறக்குறைய நம் ஊர்த் திண்ணை மாதிரிதான். ஆனால் திண்ணை வீட்டின் முன்னால் இருக்கும். இது பின்னால் இருக்கும்.

இதற்கு "டெக்" என்று பெயர். கப்பலின் மேல்தளத்துக்கும் இதே பெயர்தான்!

கோடைக்காலத்தில் அமெரிக்கக் குடும்பங்களின் மாலைப் பொழுது இங்கேதான் கழியும். பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்காருவார்கள். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடி விளையாடுவார்கள். விருந்தும் இங்கேதான் நடக்கும். அங்கே குடியேறிய தமிழர்களின் வீடுகளிலும் இந்த மரத்தளத்தைப் பார்க்கலாம்.

இந்தத் தளத்துக்குச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை சாயமும் நீர்க்காப்பு எண்ணெயும் பூசவேண்டும். பெரும்பாலான குடும்பங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து தாங்களே பூசிவிடுவார்கள். ஏனென்றால் அங்கே ஆள் கூலி அதிகம்.

இதற்கான கருவிகள் கடையில் மலைபோல் குவிந்திருக்கும். பிரஷ், உருளை, பம்ப், மின்சார எந்திரம் என்று எத்தனையோ வகை!

எதை வாங்குவது? விலை உயர்ந்ததையா? வேகமாக வேலையை முடிப்பதையா?

இரண்டும் இல்லை! மரத்துக்கு எது நல்லதோ, அதைத்தான் வாங்கவேண்டும்.

இரண்டு எதிரிகள்

வெட்டவெளியில் கிடக்கும் மரத்துக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று வெயில். இன்னொன்று தண்ணீர்.

மரம் என்பது நார்களின் கட்டு. அந்த நார்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும் பசை போன்ற பொருளுக்கு "லிக்னின்" என்று பெயர். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. அவை இந்தப் பசையைச் சிதைத்துவிடும்.

பசை போனதும் மேல் நார்கள் தளர்ந்துவிடும். மழை அவற்றைக் கழுவிக்கொண்டு போய்விடும். மரம் சாம்பல் நிறம் ஆகிவிடும்.

தண்ணீர் செய்யும் கெடுதல் இதைவிடப் பெரியது. நனைந்தால் மரம் ஊதும். காய்ந்தால் சுருங்கும். இப்படி மாறி மாறி ஊதிச் சுருங்குவதால் பலகை வெடிக்கிறது. வெடிப்பு வழியாக இன்னும் ஆழத்துக்குத் தண்ணீர் இறங்குகிறது.

மரத்தில் உள்ள ஈரம் அதன் எடையில் 20 சதவிகிதத்துக்குள் இருந்தால் பயமில்லை. அதைத் தாண்டி நெடுநாள் ஈரமாகவே இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் மரத்தையே தின்று வளரும். வெளியே பார்த்தால் பலகை பலகையாகத்தான் இருக்கும். உள்ளே அது இற்றுப்போயிருக்கும்!

சாயத்தில் உள்ள வண்ணப்பொடி வெயிலைத் தடுக்கிறது. எண்ணெய் தண்ணீரைத் தடுக்கிறது. அதனால்தான் இரண்டும் சேர்ந்த பூச்சு தேவைப்படுகிறது.

முதல் கருவி திருப்புளி!

மரத்தளத்துக்கு எண்ணெய் பூச நினைப்பவர் முதலில் எடுக்கவேண்டிய கருவி பிரஷ் அல்ல. ஒரு சாதாரணத் திருப்புளி!

தளத்துக்கு அடியில் குனிந்து பார்க்கவேண்டும். பலகைகளைத் தாங்கும் சட்டங்களைத் திருப்புளியின் முனையால் குத்தவேண்டும். தளம் வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தையும், படிக்கட்டின் கால்களையும் கட்டாயம் குத்திப் பார்க்கவேண்டும்.

நல்ல மரமாக இருந்தால் திருப்புளி இறங்காது. மெத்தென்று உள்ளே இறங்கினால் மரம் இற்றுவிட்டது என்று அர்த்தம். அந்தச் சட்டத்தை மாற்றியே ஆகவேண்டும். மேலே எத்தனை முறை எண்ணெய் பூசினாலும் இற்ற மரம் பிழைக்காது.

இது எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சோகச் சம்பவம் காட்டியது.

2015-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி. கலிபோர்னியா மாநிலத்தில் பெர்க்லி என்ற நகரம். ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் 5-வது மாடியில் பிறந்தநாள் விருந்து நடந்தது. மாடியின் வெளிமுகப்பில் 13 இளைஞர்களும் இளம்பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். நடுநிசி கடந்த நேரம்.

திடீரென்று அந்த முகப்பு உடைந்து சாய்ந்தது! 6 பேர் மாண்டார்கள். 7 பேர் படுகாயம் அடைந்தார்கள். பெரும்பாலோர் அயர்லாந்து நாட்டிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்த மாணவ மாணவிகள்.

முகப்பைத் தாங்கியவை மரச்சட்டங்கள். அவை மூடப்பட்டு இருந்தன. உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லை. சட்டங்கள் உள்ளுக்குள்ளேயே மக்கிவிட்டன. வெளியே நின்றவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

அதன் பிறகு 2018-ல் கலிபோர்னியா அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 3 அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் கொண்ட வாடகைக் கட்டிடங்களில், மரம் தாங்கும் வெளிமுகப்புகளையும் தளங்களையும் 6 ஆண்டுகளுக்கு ஒரு முறை சோதிக்கவேண்டும் என்று அது கூறுகிறது.

இரும்பு பிரஷ் வேண்டாம்

சட்டங்கள் உறுதியாக இருந்தால் அடுத்த வேலை கழுவுவது. அழுக்கும் பாசியும் இருக்கும்போது எண்ணெய் உள்ளே இறங்காது.

இதற்கு நீளக் கைப்பிடியும் விறைப்பான நைலான் இழையும் உள்ள பிரஷ் போதும். சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கவேண்டும்.

இரும்புக் கம்பி பிரஷை மட்டும் தொடக்கூடாது. அதிலிருந்து உடையும் பொடிக் கம்பிகள் மரத்தில் குத்திக்கொள்ளும். பிறகு துருப்பிடித்துக் கறுப்புப் புள்ளிகளை உண்டாக்கும்.

பலர் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் மின்சார எந்திரத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். ஆனால் வேகத்தைக் கூட்டிவிட்டால், அழுக்கோடு மரத்தின் நாரும் பிய்ந்து வந்துவிடும்! பலகை முழுவதும் சிலும்பு எழும்பும். குழந்தைகளின் காலில் குத்தும். எந்திரத்தை உபயோகித்தாலும் குறைந்த வேகத்தில்தான் உபயோகிக்கவேண்டும்.

சிலும்பு இருந்தால் உப்புத்தாள் போடலாம். 60 அல்லது 80 எண் தாள் போதும். கண்ணாடிபோல வழவழப்பாக்கினால் மரத்தின் துளைகள் அடைபட்டுப்போகும். எண்ணெய் குடிக்க மரத்துக்கு வாய் இருக்காது!

கழுவிய பிறகு குறைந்தது இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவேண்டும். காய்ந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பலகையில் சில சொட்டுத் தண்ணீர் தெளிக்கவேண்டும். மரம் அதை உடனே உறிஞ்சினால் எண்ணெய் பூசலாம். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் பூசக்கூடாது. மரம் இன்னும் ஈரமாக இருக்கிறது. அல்லது பழைய பூச்சு இன்னும் போகவில்லை.

பளபளப்பு ஏமாற்றும்

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் பூச்சு எந்த வகை என்று தெரியவேண்டும்.

வார்னிஷ், பெயிண்ட் போன்றவை மரத்தின் மேல் ஒரு தோல்போலப் படிகின்றன. பார்க்கப் பளபளப்பாக இருக்கும். ஆனால் காலால் மிதிபடும் தளத்துக்கு இவை சரிப்பட்டு வருவதில்லை. மரம் ஊதிச் சுருங்கும்போது தோல் வெடித்து உரியும். உரிந்ததைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

மரத்துக்குள் ஊறி இறங்கும் சாய எண்ணெய் அப்படி உரிவதில்லை. மெல்ல மெல்ல மங்கும். மங்கியதும் கழுவிவிட்டு மறுபடி பூசினால் போதும். வண்ணம் கலந்த எண்ணெய் சாதாரணமாக 2, 3 ஆண்டு தாங்கும். வண்ணமே இல்லாத நிறமற்ற எண்ணெய் அவ்வளவு நாள் தாங்காது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் என்ற நகரம் இருக்கிறது. அங்கே 1910-ம் ஆண்டில் அரசாங்கம் மரப்பொருள் ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கியது. மரத்தைப் பற்றியே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்துவரும் நிலையம் அது. தளங்களுக்கு ஊறி இறங்கும் பூச்சே ஏற்றது என்பது அந்த நிலையத்தின் யோசனை.

அதைப் பூசுவதற்குச் சிறந்த கருவி எது? பழைய பிரஷ்தான்!

பிரஷ் ஏன் வெல்கிறது?

பிரஷ் எண்ணெயை மேலே வைத்துவிட்டுப் போவதில்லை. அழுத்தித் தேய்க்கிறது. ஒவ்வொரு இழையும் மரத்தின் ரேகைக்குள் எண்ணெயைத் தள்ளுகிறது. வெடிப்புக்குள்ளும், இரண்டு பலகைகளுக்கு நடுவே உள்ள சந்துக்குள்ளும் பிரஷ் நுழையும்.

ஆனால் எல்லா பிரஷும் ஒன்றல்ல.

எண்ணெயில் கரைத்த சாயத்துக்குப் பன்றி மயிர் பிரஷ் நல்லது. பன்றி மயிரின் நுனி இயற்கையிலேயே இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும். அதனால் அது எண்ணெயை நிறையத் தாங்கும்.

தண்ணீரில் கரைத்த சாயத்துக்கு அது உதவாது. மயிர் தண்ணீரைக் குடித்து, ஊறித் தளர்ந்துவிடும். அதற்கு நைலான் அல்லது பாலியெஸ்டர் இழை பிரஷ் வாங்கவேண்டும்.

ஒரு காலத்தில் அமெரிக்காவுக்குப் பன்றி மயிர் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்தது. இரண்டாவது உலகப் போரில் அந்த வரவு தடைப்பட்டது. 1950-ல் சீனாவோடு வியாபாரத்தை அமெரிக்கா நிறுத்தியபோது மறுபடியும் தட்டுப்பாடு. செயற்கை இழை பிரஷ் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். நைலான் இழை அதற்கு முன்பே, 1938-ல், பல் துலக்கும் பிரஷில் வந்துவிட்டது!

தளத்துக்கு 4 அங்குல அகலமுள்ள பிரஷ் வசதியானது. ஒரு பலகையின் அகலத்தை இரண்டு இழுப்பில் முடித்துவிடலாம். கைப்பிடியில் கழி மாட்டும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. முட்டி போட்டு வேலை செய்யவேண்டாம். நின்றுகொண்டே பூசலாம். கைப்பிடிச் சட்டங்களுக்கும் மூலைகளுக்கும் இரண்டு அங்குலச் சின்ன பிரஷ் ஒன்று வேண்டும்.

வாங்கும்போது இழைகளை விரலால் வளைத்துப் பார்க்கவேண்டும். வளைந்து உடனே நிமிர்ந்தால் நல்ல பிரஷ். லேசாக இழுத்தாலே இழை கையோடு வந்தால் வாங்கக்கூடாது.

உருளையும் பம்பும்

உருளை வேகமாக ஓடும். ஆனால் பலகையின் மேல்பரப்பை மட்டும்தான் தொடும். சந்துகளை விட்டுவிடும். எண்ணெயை ஒரே இடத்தில் அதிகமாகக் கொட்டிவிடுவதும் உண்டு.

துணியோ பஞ்சோ ஒட்டிய தட்டையான பட்டை ஒன்றும் விற்கிறார்கள். கழியில் மாட்டித் தரை துடைப்பதுபோல் இழுக்கலாம். பெரிய, வழவழப்பான தளத்துக்கு இது சௌகரியம். கரடுமுரடான பழைய பலகையில் பட்டை கிழிந்துவிடும்.

அடுத்தது, தோட்டத்துக்கு மருந்து அடிப்பது போன்ற கைப்பம்பு. தெளிக்கும் முறை இன்று நேற்று வந்ததல்ல. 1893-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. கட்டிடங்கள் எல்லாம் பிரமாண்டமானவை. கண்காட்சி தொடங்கும் நாளோ நெருங்கிவிட்டது. பிரஷால் பூசினால் முடியாது என்று, காற்றின் அழுத்தத்தால் வெள்ளை வண்ணத்தைத் தெளித்து முடித்தார்கள். அந்த இடத்துக்கே "வெள்ளை நகரம்" என்று பெயர் வந்தது!

ஆனால் அந்தக் கட்டிடங்கள் சில மாதங்களுக்காகக் கட்டப்பட்டவை. வீட்டுத் தளமோ பல ஆண்டு உழைக்கவேண்டும். தெளித்த எண்ணெய் மேலாகத்தான் படியும். காற்றில் பறந்து பக்கத்து வீட்டுச் சுவரையும் செடிகளையும் கறையாக்கும்.

எனவே உருளையோ பம்போ எதை உபயோகித்தாலும், பின்னாலேயே ஒருவர் பிரஷோடு வந்து தேய்க்கவேண்டும். ஒருவர் தெளிக்க, இன்னொருவர் தேய்த்தால் பாதி நேரம் மிச்சம். பிரஷுக்கு மட்டும் விடுமுறை கிடையாது!

பூசும் முறை

12 அடி அகலமும் 16 அடி நீளமும் உள்ள தளம் 192 சதுர அடி. ஒரு காலன் எண்ணெய், அதாவது சுமார் 3.8 லிட்டர், மரத்தைப் பொறுத்து 150 முதல் 300 சதுர அடி வரை வரும். பழைய மரம் அதிகம் குடிக்கும். எனவே இரண்டு டின் வாங்குவது நல்லது.

இரண்டு டின்களையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கவேண்டும். டின்னுக்கு டின் நிறம் சற்று வேறுபடும். வண்ணப்பொடி அடியில் தங்கிவிடும். ஆகையால் அடிக்கடி குச்சியால் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும்.

உச்சி வெயிலில் பூசக்கூடாது. எண்ணெய் உள்ளே இறங்கும் முன் மேலேயே காய்ந்துவிடும். நிழல் விழும் நேரம் பார்த்துப் பூசவேண்டும்.

இரண்டு மூன்று பலகைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் பூசவேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் பட்டை விழும். பலகையின் வெட்டுமுனைக்குத் தனிக் கவனம் வேண்டும். தண்ணீர் அதிகமாக ஏறுவது அந்த வழியாகத்தான்.

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் சில இடங்களில் எண்ணெய் தேங்கி நிற்கும். மரம் குடித்தது போக மீதி அது. அதைப் பழந்துணியால் துடைத்துவிடவேண்டும். விட்டால் பிசுபிசுவென்று ஒட்டும்.

இந்தியர் கண்ட மருந்து

பழைய தளங்களில் இன்னொரு ஜாக்கிரதையும் தேவை.

மரத்தை மக்காமல் காக்க, தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்தை அழுத்தத்தோடு உள்ளே ஏற்றும் முறை ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர்! டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 1933-ல் காமேசன் என்ற விஞ்ஞானி அந்த மருந்தை உருவாக்கினார். அது உலகம் முழுவதும் பரவியது.

ஆனால் ஆர்சனிக் என்பது பாஷாணம். குழந்தைகள் அந்த மரத்தைத் தொட்டுவிட்டுக் கையை வாயில் வைத்தால் கெடுதல். ஆகவே வீட்டு உபயோகத்துக்கான மரத்தில் அந்த மருந்தை ஏற்றுவதை 2003-ம் ஆண்டு முடிவோடு அமெரிக்கக் கம்பெனிகள் நிறுத்திக்கொண்டன.

அதற்கு முன் கட்டிய தளங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பக்கூடாது. அந்தப் பலகையை அடுப்பில் எரிக்கவும் கூடாது. ஊறி இறங்கும் எண்ணெயைத் தவறாமல் பூசிவந்தால் விஷம் வெளியே வருவது குறைகிறது.

தானே தீப்பிடிக்கும் கந்தல்!

வேலை முடிந்தது. பிரஷைக் கழுவியாகிவிட்டது. எண்ணெய் துடைத்த கந்தல் துணிகள் மூலையில் குவிந்து கிடக்கின்றன. களைப்பாக இருக்கிறது. "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தோன்றும்.

அங்கேதான் ஆபத்து!

பல மர எண்ணெய்களில் ஆளிவிதை எண்ணெய் கலந்திருக்கும். அது தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றில் உள்ள பிராணவாயுவோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது சூடு உண்டாகிறது.

விரித்துப்போட்ட துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிக் குவித்த துணியில் சூடு வெளியேற முடியாது. சூடு ஏற ஏற எண்ணெய் இன்னும் வேகமாக இறுகும். இன்னும் சூடு ஏறும். சில மணி நேரத்தில் துணி தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். தீக்குச்சியே வேண்டாம்!

1991-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி, சனிக்கிழமை இரவு. பிலடெல்பியா நகரில் "ஒன் மெரிடியன் பிளாசா" என்ற 38 மாடிக் கட்டிடம். அதன் 22-வது மாடியில் மர வேலைப்பாடுகளுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்த வேலையாட்கள், ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தல்களை அங்கேயே விட்டுச் சென்றிருந்தார்கள்.

கந்தல் கனன்றது. தீ எழுந்தது. மாடி மாடியாக மேலே பாய்ந்தது. 8 மாடிகள் எரிந்தன. தீயணைக்கும் வீரர்கள் 3 பேர் புகையில் சிக்கி உயிர் இழந்தார்கள்.

30-வது மாடியில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் இருந்தன. அங்கேதான் தீ நின்றது. சுமார் 19 மணி நேரம் எரிந்த அந்தக் கட்டிடத்தில் அதன் பிறகு யாரும் குடியேறவில்லை. 1999-ல் அதை இடித்தே விட்டார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் சில கந்தல் துணிகள்!

என்ன செய்யவேண்டும்?

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டவே கூடாது. வீட்டுக்கு வெளியே, கொடியிலோ வெறும் தரையிலோ ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடவேண்டும். ஒன்றின் மேல் ஒன்று படக்கூடாது. முற்றிலும் விறைத்துக் காய்ந்த பிறகுதான் அப்புறப்படுத்தவேண்டும்.

அல்லது தகர டப்பாவில் தண்ணீர் நிரப்பி, துணியை அதில் முழுக்க அமிழ்த்தி, இறுக்கமாக மூடி, வீட்டுக்கு வெளியே வைக்கவேண்டும். எண்ணெய் ஊறிய உருளையின் உறைக்கும் இதே விதிதான்.

இது அமெரிக்கர்களுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. நம் வீடுகளிலும் கதவுக்கும் ஜன்னலுக்கும் ஊஞ்சல் பலகைக்கும் ஆளிவிதை எண்ணெய் பூசுகிறார்கள். துடைத்த துணியைக் கதவின் பின்னால் சுருட்டி எறிந்துவிடுகிறார்கள். எண்ணெய் எந்த நாட்டில் காய்ந்தாலும் சூடு சூடுதான்.

ஆகவே கடைக்குப் போகிறவர் ஒரு திருப்புளி, நல்ல பிரஷ் இரண்டு, விறைப்பான நைலான் பிரஷ் ஒன்று ஆகியவற்றோடு, மூடியுள்ள தகர டப்பா ஒன்றையும் மறக்காமல் வாங்கவேண்டும். அதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். வேலை முடிந்த அன்று இரவு வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம்.